வாத்தும் வாத்தியாரும்

இம்மலரின் ஆசிரியர் குழுவினர் எம்மை அணுகி, விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனக் கேட்டபொழுது, நாவலர் பெருமானின் உரைநடை பற்றியோ ஈழத்துப் புலவர் பரம்பரை பற்றியோ யாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். இதுகாறும் யாம் எழுதி வந்தனவும் அத்தகைய கட்டுரைகளே. அவற்றைக் கல்லூரி நூலகத்துக் கறையான்கள் மிக்க ஆர்வத்துடன் சுவைத்து வருகின்றன என்பதையும் யாம் அறிவோம். ஆதலின் இம்முறை வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். எமது கட்டுரையின் தலைவர் ஒரு வாத்து. எம்மூர் வழக்கிற் கூறின் ஒரு தாரா. தலையில் உயர்ந்த தொப்பியும் மூக்கின்மேற் கண்ணாடியும் கையிற் தடியும் உடைய அவர், ஒரு வீடியோ விளையாட்டினுள்ளே துள்ளித் திரிபவர். வாத்தியார் ஒருவர் அவ்வாத்தினிடம் கற்ற பாடம் எதுவெனக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பொருள் சிறிதெனினும் பெரியோர் பொறுத்தருள்க.

அவ்வாத்தின் பெயர் ஸ்குரூச் மக்டக். கார்ல் பார்க்ஸ் என்னும் அமெரிக்கச் சித்திரக் கதையாளர் 1947 இல் அவரைப் படைத்தார். சாள்ஸ் டிக்கின்ஸ் எழுதிய கதையொன்றில் வரும் கருமியின் பெயரே அவருக்கும் இடப்பட்டது. உலகறிந்த டொனால்ட் டக்குக்கு இவர் மாமன் முறையினர். களஞ்சியம் நிறையக் காசைக் குவித்துவைத்து, அதனுள்ளே நீச்சலடிப்பது இவருடைய பொழுதுபோக்கு. 1987 இல் டிஸ்னி நிறுவனத்தார் இவரைத் தலைவராகக் கொண்டு 'டக்ரேல்ஸ்' என்னும் தொலைக்காட்சிக் காட்டூன் தொடரைத் தொடக்கினர். அதன் தொடக்கத்திலே டொனால்ட் கடற்படையிற் சேர்ந்து கப்பலேறிவிட, அவருடைய மருமக்களாகிய ஹியூவி, டூவி, லூவி என்னும் மூன்று சிறுவரும் ஸ்குரூச் மாமாவின் இல்லத்திலே வளரத் தொடங்குகின்றனர். அத்தொடரைத் தழுவி, 1989 இல் ஜப்பானியரின் கப்கொம் நிறுவனம் நின்ரெண்டோ இயந்திரத்துக்கென ஒரு விளையாட்டைச் செய்து வெளியிட்டது. ரொக்குரோ புஜிவாரா என்பார் அதன் தயாரிப்பாளர்.

மேடைக்கு மேடை தாவியும், எதிர்ப்படும் பகையை அடித்தும், பள்ளத்தைக் கடந்தும் முன்னேறுகின்ற விளையாட்டு அது. அமேசன் காடு, திரான்சில்வேனியா மாளிகை, ஆபிரிக்கச் சுரங்கம், இமயமலை, சந்திரமண்டலம் என ஐந்து களங்கள். எதற்கு முதலிற் செல்வது என்பது விளையாடுவோரின் விருப்பம். ஒவ்வொரு களத்தின் முடிவிலும் ஒரு பெருந்திரவியம். அதற்குக் காவலாக ஒரு பெரும்பகைவன். இன்கா அரசனின் செங்கோல் ஓரிடத்தில். செங்கிஸ்கானின் முடி வேறோரிடத்தில். சந்திரனில் உள்ளதோ பச்சை நிறப் பாற்கட்டி. அதனைக் காத்து நிற்பது ஓர் எலி! சிறுவரோடு சிறுவராய்ச் சிரிக்கத் தெரிந்தோர் செய்த விளையாட்டென்பது இதனாற் புலனாகும்.

இவ்விளையாட்டு வெளிவந்தபோது எமக்கு வயது ஒன்பது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியிலே எம்மூரில் மின்சாரம் நின்றுபோயிற்று. அதன்பின் பல ஆண்டுகள், ஜாம் போத்தலிலே திரியிட்டு ஏற்றிய விளக்கின் முன்னிருந்து செய்யுள்களை மனனஞ் செய்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பிற நாடுகளில் எம்மையொத்த சிறுவர்கள் ஒரு வாத்தைத் துள்ள வைத்துக்கொண்டிருந்தனர் என்பதை அறியும் வாய்ப்பு எமக்கு இருக்கவில்லை. அதுபற்றிய வருத்தமும் எமக்கில்லை. நாற்பத்தைந்தாவது வயதில் யாம் அவ்வாத்தினிடம் புது மாணாக்கராய்ச் சேர்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணமென்பதற்காகவே இங்கு கூறினோம். மற்றைக் காரணம் எமது நாக்கு. அதனை இனிக் கூறுவோம்.

எமது தமக்கையாரும் அத்தானும் தொழிலின் பொருட்டுக் கடல்கடந்து வாழ்கின்றனர். அவர்தம் ஒரே மகன் மூன்று ஆண்டுகளாக எம்மில்லத்தில் வளர்ந்து வருகின்றான். எமது கல்லூரியிலே, எமது வகுப்பிலேயே கற்கின்றான். படலைக்கு உள்ளே யாம் அவனுக்கு 'மாமா'. படலையைக் கடந்துவிட்டால் 'சேர்'. இம்முறை பிறழாமல் நடந்துகொள்ளும் நற்பண்பு அவனிடம் உண்டு. ஆனால் புணரிலக்கணம் மட்டும் அவனுக்கும் எமக்கும் இடையே ஒரு பகைப்புலமாக இருந்து வந்தது.

சென்ற ஆண்டின் இரண்டாந் தவணையிலே, 'வாழை' என்னுஞ் சொல்லும் 'பழம்' என்னுஞ் சொல்லும் புணருங்கால் இடையிலே ஒற்று மிகும் என்பதை நான்கு நாட்கள் தொடர்ந்து விளக்கினோம். நான்காம் நாள் எழுதச் சொன்னபொழுது அவன் ஒற்றில்லாமலே எழுதிவைத்தான். எமக்குச் சினம் மூண்டது. முப்பத்தெட்டு மாணவர் பார்த்திருக்க அவனை எழுப்பி நிறுத்தினோம். நன்னூலார் மாணாக்கரை மூவகையாக வகுத்து, அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கருக்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைக் கடைமாணாக்கருக்கும் உவமை கூறினாரன்றோ? அதனை எடுத்து விளக்கி, "இல்லிக்குடம் என்பது ஓட்டைக்குடம். எவ்வளவு வார்த்தாலும் ஒழுகிவிடும். உன்னைக் கண்டுதான் நன்னூலார் அப்படி எழுதினார் போலும்" என்றோம். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. எமது சாதுரியத்தை யாமே மெச்சிக்கொண்டோம் என்பதையும் ஒளியாது கூறிவிடுதல் வேண்டும்.

இடைவேளைக்குள் அவனுக்கு 'இல்லி' என்னும் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. அன்று தொடக்கம் வீட்டிலும் அவன் எம்மோடு பேசுதலை விட்டான். கேட்டதற்கு 'ஓம்', 'இல்லை' என்னும் இரு சொற்களே விடையாக வந்தன. உணவருந்தியதும் தன் அறைக்குட் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வான். இளம்பிள்ளைகளின் கோபம் மூன்று நாளிற் தணியும் என எண்ணியிருந்தோம். மூன்று கிழமையாகியும் தணிந்தபாடில்லை.

தவணை விடுமுறையில் ஓரிரவு இல்லாள் எம்மை அழைத்து, "இஞ்சாருங்கோ, பெடியன் மூண்டு கிழமையா உங்களோடை வாய் திறக்கேல்லை. தாய் தேப்பன் கிட்ட இல்லாத பிள்ளை. ஒருக்கா அவன்ர அறையிலை போய் இருங்கோவன்" என்றாள். யாம் சென்றோம். அவன் கணினியின் முன்னமர்ந்து, தாயார் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த விளையாட்டொன்றை ஆடிக்கொண்டிருந்தான். டிஸ்னி காட்டூன்களைத் தழுவித் தாம் முன்பு செய்த ஆறு விளையாட்டுக்களைக் கப்கொம் நிறுவனத்தார் 2017 இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டனர். அவற்றுள் முதலாவது எமது வாத்து. எம்மைக் கண்டதும் எழுந்து நின்று, கணினியை அணைக்கக் கையை நீட்டினான். அந்தக் கையிலே இருந்த அச்சம் எமது நெஞ்சிலே தைத்தது. சொல்ல வந்த அறிவுரையை விழுங்கிக்கொண்டு, "நிப்பாட்ட வேண்டாம் தம்பி. நானும் ஒருக்கா விளையாடிப் பாக்கலாமோ?" என்றோம். அவன் எம்மை ஏறிட்டுப் பார்த்தான். பின்னர் யாதொன்றும் பேசாது கொன்ட்ரோலரை எம்மிடம் நீட்டினான்.

அமேசன் காட்டிலே தொடங்கினோம். ஸ்குரூச் மாமாவின் தனித்திறன் அவருடைய கைத்தடியே. துள்ளி மேலெழுந்தபின், வானில் நிற்கும்பொழுதே கீழ்நோக்கிய பொத்தானையும் அடிக்கும் பொத்தானையும் ஒருங்கே அழுத்தினால், அவர் தடியைக் காலின்கீழ் ஊன்றிக்கொண்டு பந்துபோல மீண்டும் மீண்டும் எழும்புவார். அவ்வாறு எழும்பிக்கொண்டே பகைவரின் தலைமீது மிதிக்கலாம். முட்கள் நிறைந்த தரையையும் காயமின்றிக் கடக்கலாம். கேட்டற்கு எளிது. எமது விரல்களோ சுண்ணாம்புக் கட்டியும் சிவப்பு மைப் பேனையும் பிடித்துப் பழகியவை. துள்ளு முன்னரே கீழ்ப்பொத்தானை அழுத்தினோம். கீழே விழுந்தபின் அடிக்கும் பொத்தானை அழுத்தினோம். அசையாத சுவரிற் தடியால் மோதி, ஸ்குரூச் மாமா உடல் முழுதும் அதிர்ந்து நின்றார். மூன்று அடி பட்டால் உயிர் நீங்கிவிடும். முதல் அரை மணி நேரத்திலே பதினொரு முறை மாண்டோம். பதினொரு முறையும் அதே முள், அதே இடம்.

ஒவ்வொரு முறை யாம் விழும்பொழுதும் மருமகன் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "மாமா, முதலிலை துள்ளுங்கோ. மேலை போனாப் பிறகு ரெண்டையும் அமத்துங்கோ. அவசரமில்லை." முதன்முறை கூறிய அதே குரலிலேயே பதினோராம் முறையும் கூறினான். அக்குரலில் எள்ளல் இல்லை, களைப்பும் இல்லை. பன்னிரண்டாம் முறை வாத்து முள்ளின்மேற் துள்ளித் துள்ளி அக்கரை சேர்ந்தது. "பாத்தீங்களே, வந்திட்டுது" என்று அவன் கைதட்டினான். அது மூன்று கிழமைக்குப் பின் எம்மிடம் அவன் மனமுவந்து பேசிய முதற்பேச்சு.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரிய கலாசாலையிலே யாம் இரண்டாண்டுகள் பயின்று, மீளவலியுறுத்தல் பற்றியும் மாணவர் தனியாள் வேறுபாடு பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிச் சான்றிதழ் பெற்றவர்கள். பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் அச்சான்றிதழ் யாதுமின்றிப் பதினொரு முறை பொறுத்தான். யாம் நான்காம் நாளிலேயே வாழைப்பழத்தைக் கைவிட்டோம்.

அதன்பின் விடுமுறை இரவுகள் தோறும் மாமனும் மருமகனும் அவ்விளையாட்டின் முன் அமர்வது வழக்கமாயிற்று. இனி, அங்கு யாம் கண்டவற்றுட் சில கூறுதும்.

முதலாவது, அவ்விளையாட்டு மிகக் குறைவாகவே பேசும். இன்னது செய்க என்று நீண்ட விளக்கம் கூறுவதில்லை. மருமக்களாகிய வாத்துக்குஞ்சுகள் ஆங்காங்கே நின்று ஒரு குறிப்புச் சொல்வர், அவ்வளவே. ஆபிரிக்கச் சுரங்கத்துக்கு நேரே சென்றால் உள்ளே செல்ல இயலாது; அதற்குரிய திறப்பு திரான்சில்வேனியா மாளிகையில் உள்ளது. ஏதுமற்றதெனத் தோன்றும் வெளியிலே துள்ளினால் மணிகள் தோன்றும். ஐந்து பெருந்திரவியங்களுக்கு அப்பால் இரண்டு திரவியங்கள் மறைந்து கிடக்கின்றன. தானே தேடிக் காண்பவனுக்கு அவை உரியன. 2013 இல் இவ்விளையாட்டை வேஃபோர்வேர்ட் என்னும் நிறுவனத்தார் புதுக்கி, கைச்சித்திரங்களோடும் நடிகர் குரல்களோடும் வெளியிட்டனர். 1987 ஆம் ஆண்டுத் தொடரிலே ஸ்குரூச்சுக்குக் குரல் கொடுத்த அலன் யங் என்னும் நடிகரே, 93 வயதில் மீண்டும் வந்து அதற்கும் குரல் கொடுத்தார். அவர் 2016 இற் காலமானார். அம்முதியவரின் குரல் கேட்டற்கு இனிது. ஆயினும் புதியதிலே அடிக்கடி ஆட்டத்தை நிறுத்தி உரையாடல் நிகழ்கின்றது. துள்ள எழுந்தவனைப் பிடித்திருத்திப் பாடம் நடத்தியது போன்ற உணர்ச்சியே எமக்கு உண்டாயிற்று. அளவுக்கு மிஞ்சி விளக்குதலும் ஒரு குற்றமே என்பதை யாம் அங்கே கண்டோம். எமது வகுப்பையும் எண்ணிப்பார்த்தோம்.

இரண்டாவது, விதியும் புறனடையும். தடியூன்றித் துள்ளக் கற்றபின், எல்லாவிடத்தும் அவ்வாறே துள்ளிச் செல்லலாம் என இறுமாந்திருந்தோம். இமயமலைக்குச் சென்றோம். மென்பனியின்மீது துள்ளியதும் தடி பனியிலே புதைந்து, ஸ்குரூச் மாமா அசையவொட்டாது நின்றார். அவ்வேளை பார்த்து ஒரு வெண்முயல் பாய்ந்து வந்து அவரை மோதிற்று. மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அங்கை சரியான விதி இஞ்சை சரிவராது மாமா" என்றான். "இதனைத்தானடா இலக்கணத்திலே புறனடை என்பது" என்றோம். "ஓ, அப்பிடியே?" என்று அவன் கேட்டபொழுது, நான்காண்டு காலம் கரும்பலகையிலே விளங்காத ஒன்று ஒரு முயலினால் விளங்கிவிட்டதைக் கண்டோம்.

மூன்றாவது, அந்தத் தடி. இக்கல்லூரியின் பழைய மாணவர்க்குத் தடியை நினைவூட்ட வேண்டுவதில்லை. பிரம்பின் பெயரைக் கேட்டாலே இன்றும் உள்ளங்கையைத் தடவிப் பார்க்கும் பெரியோர் இம்மலரைப் படிப்போருட் பலர் உளர். அப்பிரம்பு சுற்றறிக்கைகளினால் வகுப்பறையை விட்டு நீக்கப்பட்டுவிட்டது. நாக்கு நீக்கப்படவில்லை. பிரம்பினாற் பட்ட தழும்பைப் பழைய மாணவர் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்து மகிழ்வர்; நாவினாற் பட்டதை எவரும் காட்டி மகிழ்ந்ததில்லை. ஸ்குரூச் மாமா தம் தடியால் அடிக்கவும் வல்லவர். எனினும் அதனைக் காலின்கீழ் ஊன்றும்பொழுதே அவர் உயரச் செல்கின்றார்.

நான்காவது, சந்திரமண்டலத்தின் இசை. அக்கால நின்ரெண்டோ இயந்திரத்துக்கு இருந்தவை ஐந்தே ஒலித்தடங்கள். அவற்றைக் கொண்டு ஹிரோஷிகே ரொனோமுரா என்பார் அமைத்த இசை, நெஞ்சை எங்கோ தூரத்துக்கு அழைத்துச் செல்கின்றது. பின்னர் 2017 இல் 'டக்ரேல்ஸ்' புதிய தொடராகத் தொடங்கப்பட்டபொழுது, அதிலே அம்மூன்று குஞ்சுகளின் தாய் சந்திரனிலே அகப்பட்டு, பிள்ளைகளைப் பிரிந்து வாழ்ந்தவளாகக் காட்டப்பட்டாள். அவள் பாடுகின்ற தாலாட்டுக்கு இந்த மெட்டையே வைத்தார்கள். இதனை மருமகனே எமக்குக் கூறினான். கூறியபின் சற்றுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா இந்த மெட்டைப் போனிலை ஒருநாள் பாடினவா" என்றான். யாம் ஒன்றுங் கூறவில்லை. அன்று சந்திரனிலே நெடுநேரம் நின்றோம். எலியிடம் செல்ல இருவருக்கும் மனம் வரவில்லை.

இவ்வளவு கூறியதனால் அவ்விளையாட்டிலே குற்றமில்லை என்று கருதற்க. உலகெங்கும் பறந்து சென்று, அவ்வந்நாட்டார் செங்கோலையும் முடியையும் வைரத்தையும் எவரையும் கேளாது எடுத்துவந்து தம் களஞ்சியத்தில் அடைக்கின்ற செல்வர் எமக்குப் புதியவரல்லர். அத்தகையோரைக் கப்பலிற் கண்ட நாடு எம்முடையது. இதனை மருமகனிடங் கேட்டோம். அவன் சிந்தித்து, "கிளோம்கோல்ட் எடுத்தாக் களவு, ஸ்குரூச் எடுத்தாத் திரவியம். அது பிழைதான் மாமா" என்றான். கிளோம்கோல்ட் என்பவன் ஸ்குரூச்சோடு போட்டியிடும் மற்றொரு செல்வன். வகுப்பிலே ஒரு வினாவுக்கும் வாய் திறவாதவன் இவ்விடை கூறினான். மேலும், கண்ணையும் காலத்தையும் அவ்விளையாட்டு ஒருங்கே உண்ணும். ஓரிரவு மணி பதினொன்றாகியதை உணராதிருந்த எங்கள் இருவரையும் இல்லாள் வந்து கடிந்தாள். மருமகனுக்குக் கிடைத்ததிலும் பெரும்பங்கு எமக்கே கிடைத்தது.

இனி, யாம் சொல்ல வந்த செய்தியின் நடுப்பகுதிக்கு வருவோம். பழைய விளையாட்டிலே உயிர்கள் தீர்ந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 2017 ஆம் ஆண்டுத் தொகுப்பிலோ ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால், நிகழ்ந்தவை யாவும் பின்னோக்கிச் செல்லும். ஒலிநாடாவிலே பேனையைச் செருகி யாம் அக்காலத்திற் சுற்றியதுபோல் என்க. பள்ளத்தில் விழுந்த வாத்து எழுந்து மேலே வரும். முயல் பின்னோக்கி ஓடும். இழந்த உயிர் திரும்பும். இதனை அறிந்த நாள் தொட்டு யாம் ஆட்டத்தைக் காட்டிலும் அப்பொத்தானையே மிகுதியாக அழுத்தலானோம். ஓரிரவு, விழுமுன்னரே யாம் அதனைத் தேடுவதைக் கண்ட மருமகன் சிரித்துவிட்டு, "உது விளையாட்டிலை மட்டும்தான் மாமா" என்றான்.

அவன் எம்மைக் குத்திக் கூறவில்லை. அவன் கண்கள் திரையிலேயே இருந்தன. எமக்கோ முப்பத்தெட்டு மாணவரின் சிரிப்பொலி காதிற் கேட்டது. எழுந்து நின்ற ஒருவனின் முகம் தெரிந்தது. அதனைப் பின்னோக்கிச் சுற்றுதற்கு எந்தப் பொத்தான் உண்டு? வீட்டிலே கொன்ட்ரோலரைப் பகிர்ந்துகொண்டமையால் வகுப்பிலே சொன்ன சொல் இல்லையாகிவிடுமா? வகுப்பறைக்குச் சென்றால் அவன் இன்னும் 'இல்லி'யே அன்றோ? மாமன் மன்னிக்கப்பட்டார், சேர் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவ்விரவு நன்னூலை எடுத்துப் பொதுப்பாயிரத்தைப் புரட்டினோம். மாணாக்கரை வகுத்த பெருமான் ஆசிரியரையும் வகுத்துள்ளார் என்பதை யாம் எத்தனையோ முறை பரீட்சைக்கெனக் கற்பித்துள்ளோம். நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை. ஆசிரியராகத் தகாதவர்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன உவமை. மடற்பனை இன்னதென்பதை எம்மூரவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கருக்குமட்டை சூழ நிற்கும் பனை அது; பழந் தானே வீழ்ந்தாலன்றி எவரும் அணுகிப் பெறுதல் இயலாது. மாணாக்கருக்கு உரிய சூத்திரத்தைக் கொண்டு ஒருவனை அளந்தோம். எமக்குரிய சூத்திரத்தை மறந்தோம். பதினொரு முறை பொறுத்த அவனே நிலம். யாம் பனை.

மூன்றாந் தவணையின் முதல் நாள், முதலாம் பாடவேளை. வரவேடு குறித்தபின் எழுந்து நின்றோம். சொல்லவேண்டியதை முதல்நாளிரவே எழுதி மனனஞ் செய்திருந்தோம். அந்நேரத்தில் அது யாவும் மறந்துபோயிற்று. எமது குடமும் ஒழுகுகின்றது போலும் என எண்ணிக்கொண்டு, "சென்ற தவணையிலே இந்த வகுப்பில் ஒருவனை இல்லிக்குடம் என்று சொன்னேன். அது பிழை. அவனிடத்திலும் உங்களிடத்திலும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பெயரை இனி எவரும் சொல்லுதல் ஆகாது, முதலிற் சொன்னவன் நானே, ஆதலால் முதலில் விடுபவனும் நானே" என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "ஏன் சேர், என்ன நடந்தது?" என்று வினவினான். "ஒரு வாத்து நடந்தது" என்றோம். அமேசன் காட்டிலே யாம் பதினொரு முறை மாண்ட வரலாற்றை முழுவதுங் கூறினோம். இம்முறையும் வகுப்பு சிரித்தது. ஆயின் சிரிக்கப்பட்டவர் யாம். எமது மருமகன் தலை குனிந்திருந்தான். தோள்கள் குலுங்குவதைக் கண்டு முதலில் அஞ்சினோம். பின்னரே அவனும் சிரிக்கின்றான் என அறிந்தோம்.

பெரிய மாற்றம் ஏதும் நிகழ்ந்துவிட்டதாகக் கூறி இம்மலரைப் படிப்போரை ஏமாற்ற விரும்பவில்லை. அப்பட்டப்பெயர் ஓரிரு மாதங்கள் மைதானத்தில் ஆங்காங்கே ஒலித்துப் பின்னரே மறைந்தது. சொல்லியவன் விட்டாலும் சொல் உடனே விடுவதில்லை. ஆண்டிறுதிப் பரீட்சையிலே மருமகன் வாழைப்பழத்தை ஒற்றுமிகச் செவ்வனே எழுதியிருந்தான். அடுத்த வரியிலே பலாப்பழத்தில் ஒற்றை விட்டுவிட்டான். சிவப்பு மைப் பேனையைக் கையில் எடுத்த யாம், சற்றுநேரம் பொறுத்து, விடைத்தாளின் ஓரத்தில் "அவசரமில்லை, இன்னொருமுறை" என்று எழுதினோம்.

விளையாட்டின் முடிவையும் கூறிவிடுதல் முறை. ஐந்து திரவியங்களையும் பெற்றபின், அவற்றைத் திரான்சில்வேனியாவிலுள்ள திராக்குலா வாத்து கவர்ந்து சென்றுவிடும். அங்கு மீண்டுஞ் சென்று அதனை வெல்லுதல் வேண்டும். வென்றபின்னும் ஓய்வில்லை, உச்சியிலுள்ள பெட்டியைக் கிளோம்கோல்ட் எட்டுமுன்னர் ஸ்குரூச் கயிற்றிலேறி எட்டுதல் வேண்டும். யாம் முதன்முறை கயிற்றை எட்டித் தொடுவதற்குள் அவன் பெட்டியை அடைந்துவிட்டான். எமது விரல் அப்பொத்தானை நாடிற்று. மருமகன் கொன்ட்ரோலரின்மீது மெல்லக் கையை வைத்து, "வேண்டாம் மாமா. இன்னொருக்கா ஏறுவம்" என்றான். ஏறினோம். எத்தனையாம் முறை எட்டினோம் என்பதை எம்மிருவரிடையேயே வைத்துக்கொள்வோம்.

கல்லூரி அன்னையின் புதல்வர்களே! இவ்விழாக் காலத்திலே உங்கட்குக் கற்பித்த ஆசிரியர்களை நீங்கள் நினைப்பீர்கள். அவருட் சிலர் உங்களை எருமை என்றும் ஆடு என்றும் அழைத்திருப்பர்; அவர்களுட் பலர் மன்னிப்புக் கேட்காமலே மறைந்தனர். இயலுமாயின் அவரைப் பொறுத்தருளுங்கள். இப்பொழுது கற்கின்ற இளையீர்! விழுந்த இடத்திலேயே மீண்டும் விழுதற்கு நாணற்க. எம்மோடு பணிபுரியும் ஆசிரிய அன்பர்களே! பின்னோக்கிச் சுற்றும் பொத்தான் நமது வகுப்பறைகளில் இல்லை. ஆதலின் சொல்லுமுன் ஒருமுறை எண்ணுவோம். சொல்லிவிட்டால், சொன்ன இடத்திலேயே நின்று மன்னிப்புக் கேட்போம்.

எமது கல்லூரி பல்லாண்டு வாழ்க.